செல்லபாய் சித்தியின் ரத்தக்குழாய்க்கு எத்தனை வயது

செல்லபாய் சித்திக்கு ஐம்பத்தாறு வயது. ஆனால் அவளுடைய ரத்தக்குழாய்களுக்கு எழுபத்தாறு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் சபை மண்டபத்தில் ஒரு மெஷின் சொல்லிவிட்டது.

ஆராதனை முடிந்ததும் இலவச மருத்துவ முகாம். சித்தி பெண்கள் சங்கத்தின் செயலாளர். காலையிலேயே பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தன் வண்டியில் ஏற்றிவந்து இறக்கிப் போட்டவள் அவள்தான். வந்தவர்களுக்கெல்லாம் பால் விடாத கட்டங்காப்பி ஊற்றியவளும் அவள்தான். ஊற்றும்போதெல்லாம் தானும் அரை கிளாஸ் குடித்துக்கொண்டாள். பிரஷர், சுகர், இசிஜி என்று எப்போதும் போடுகிற மேசைகளுக்குக் கூட்டமில்லை. மூலையில் இருந்த புது மேசைக்குத்தான் வரிசை. ‘உங்கள் ரத்தக்குழாயின் வயதைத் தெரிந்துகொள்ளுங்கள்’ என்று பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். ஊசி கிடையாது, ரத்தம் எடுப்பது கிடையாது.

அந்த மெஷின் செய்வது ஒன்றுதான். இதயம் அடிக்கும்போது எழுகிற துடிப்பு கழுத்துக்கு எப்போது வருகிறது, தொடைக்கு எப்போது வருகிறது என்று பார்க்கிறது. இரண்டு இடத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை டேப்பால் அளந்து நாம் சொல்ல வேண்டும். தூரமும் நேரமும் தெரிந்தால் வேகம் தெரியும். குழாய் இளகியிருந்தால் துடிப்பு மெதுவாகப் போகும். இறுகியிருந்தால் விரைந்து ஓடும். அந்த வேகத்தை ஓர் அட்டவணையில் வைத்துப் பார்த்து வயது சொல்கிறார்கள்.

தொடையில் பட்டை கட்ட வேண்டும் என்று மெஷினோடு வந்தவன் சொன்னதும் வரிசை கலைந்தது.

“சர்ச்சு ஹாலுல வச்சா? நல்லாருக்கும்!” என்று ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எனக்கு வயசு தெரியாண்டாம். நான் போறேன்” என்று இன்னொருத்தி செருப்பைத் தேடினாள்.

சித்தி காப்பிக் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். “தம்பி, இங்க கேளு. ஆம்பிளையளுக்கு நீ எப்பிடி வேணும்னாலும் கெட்டு. பொம்பளையளுக்கு சேலைக்கு மேல கெட்டு. டேப்பும் சேலைக்கு மேல. சம்மதம்னா நாங்க நிக்கோம். இல்லைன்னா நீ மெஷினை மடக்கு.”

அவன் சுற்றிலும் பார்த்தான். எண்பது பெண்கள் அவனைப் பார்த்தார்கள். சம்மதித்துவிட்டான். வழி காட்டுவதற்காக முதலில் போய்ப் படுத்தவளும் சித்திதான். படுத்த வேகத்தில் துடிப்பைப் பிடித்து, டேப்பை ஓட்டி, எழுப்பிவிட்டான். வயது எழுபத்தாறு என்றான்.

“உள்ள இருக்கது எனக்க மாமியாராக்கும்” என்று சித்தி சொல்ல, மண்டபமே சிரித்தது. பிறகு அவள் காப்பி ஊற்றப் போய்விட்டாள்.

ஆனால் அறிக்கை அவளுக்கு வரவில்லை. சித்தப்பா இறந்த பிறகு கேஸ் இணைப்பு, வங்கி என்று எல்லா இடத்திலும் தோகாவில் இருக்கும் மகன் சிஜினின் வாட்சாப் எண்ணைத்தான் கொடுத்திருந்தாள். முகாமிலும் அதையே கொடுத்தாள். அன்று சாயங்காலம், கத்தாரில் ஒரு தொழிலாளர் குடியிருப்பில், சிவப்புக் கட்டத்துக்குள் எழுபத்தாறு என்று போட்ட காகிதத்தை அவன் திறந்தான்.

*

சித்தியை நினைத்தால் அவள் உட்கார்ந்திருக்கிற தோற்றம் யாருக்கும் சட்டென்று வராது. நின்றுகொண்டே சாப்பிடுவாள். நடந்துகொண்டே போனில் பேசுவாள். ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் கால் கட்டைவிரல் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். சுசீந்திரத்துக்கும் மயிலாடிக்கும் நடுவில், வாழைத்தோட்டங்களை ஒட்டிய வீடு அவளுடையது. முன்பு அந்த வயல்களில் நெல் விளைந்தது. இப்போது பாதிக்குமேல் ஏத்தன், மட்டி வாழைகள். யேசுரத்தினம் சித்தப்பா குட்டியானை என்கிற சிறிய சரக்கு வண்டி ஒன்றை வாங்கி, தோட்டங்களிலிருந்து வாழைக்குலைகளைக் கோட்டாறு கடைகளுக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தார். சித்தி கூடப் போய்க் குலைக்கு இடையில் சருகு வைத்துக் கட்டிக் கொடுப்பாள். கட்டி முடித்தால் அவளுக்கு வேலையில்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்து வருவதுதான் அவளுக்கு வந்த வேதனை.

“இவ சும்மா இருக்கதுக்கு வண்டி ஓட்டட்டும்” என்று சித்தப்பாவே ஒரு நாள் வட்டக்கோட்டைக்குப் போகிற சாலையில் இறங்கி இடம் மாறிக்கொண்டாராம். சுற்றுலாக்காரர்கள் வராத காலைவேளை. வலது கையை ஹேண்ட்பிரேக் மேல் வைத்துக்கொண்டு, இடது கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததை அவள் அப்படியே நடித்துக் காட்டுவாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் புட்டும் பயறும் முன்னால் வைத்திருக்க, சித்தப்பாவின் வலது கை தட்டில் விழுந்து அப்படியே கிடந்தது. பக்கவாதம். மூன்றாம் நாள் போய்விட்டார். அதற்கு ஆறு மாதத்துக்கு முன் நடந்த ஒரு முகாமில் எடுத்த இசிஜி நார்மல் என்று வந்திருந்தது. அந்தக் காகிதத்தையும் சிஜினுக்கு அனுப்பியிருந்தார்கள். அவன் அதற்கு ஒரு கைதட்டல் படம் போட்டிருந்தான்.

அடக்கம் முடிந்து சிஜின் திரும்பிப் போன மறு மாதமே சித்தி லைசென்ஸுக்குப் போய் நின்றாள். மறுபடியும் குலை ஏறியது. கோட்டாறு தெருக்களில், இரண்டு பக்கமும் சரக்கு இறக்குகிற வண்டிகளுக்கு நடுவே, ஒரு சாண் இடைவெளியில் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு வருகிற பெண்ணை முதலில் வேடிக்கை பார்த்தவர்கள் பிறகு ஒதுங்கி வழிவிடக் கற்றுக்கொண்டார்கள்.

நான் ஆறு வருடம் பயணிகள் கப்பலில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். அடுத்த ஒப்பந்தம் வருகிறவரைக்கும் சித்தி வீட்டில் தங்கல். ஒரே இடத்தில் இருக்கத் தெரியாத இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தால் எப்படியிருக்கும்? கதவுகள் எந்நேரமும் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

முகாம் நடந்த அன்று சாயங்காலமே சிஜின் அழைத்தான். சித்தி வெங்காயம் உரித்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, நாளைலேந்து வண்டியை எடுக்காண்டாம்.”

“எதுக்கு?”

“பேப்பர் வந்திருக்கு. செவப்புல போட்டிருக்காங்க.”

“அவனுட்ட செவப்பு மை இருந்திருக்கும்.”

“சிரிக்காதீங்க அம்மா. இங்க ஒரு கிரேன்ல நான் செவப்பு சீட்டு கெட்டினேன்னா, கம்பெனி முதலாளி வந்து சொன்னாலும் அது அசையாது. அதுக்குத்தான் எனக்கு சம்பளம்.”

“நான் கிரேனாக்கும்?”

“கிரேன்னா ஸ்பேர் மாத்தலாம்” என்றான் சிஜின்.

சித்தியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு வெங்காயத் தோல் மறுபடி உதிர்ந்தது.

மத்தியாஸிடம் பேசிவிட்டதாகச் சொன்னான். மத்தியாஸ் பழைய வண்டி வாங்கி விற்கிற தரகர், சித்தப்பாவுக்குத் தெரிந்தவர். சனிக்கிழமை காலையில் மார்த்தாண்டத்திலிருந்து ஒருவரை அழைத்து வருவாராம். வண்டியைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் போதும், மாதாமாதம் தான் அனுப்புகிறேன் என்றான்.

“வீட்டுல இருந்து நான் என்ன செய்யதுக்கு?”

“சும்மா இருங்க.”

போனை வைத்த பிறகு சித்தி என்னைப் பார்த்தாள். “கேட்டியா மக்கா? சும்மா இருக்கணுமாம்.” ஆயுள் தண்டனை கிடைத்தவளுடைய முகம் அது.

*

திங்கட்கிழமை எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள். செவ்வாய்க்கிழமை கழுத்தைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினாள். சமையலறையில் கரண்டியைப் பிடித்தபடியே இரண்டு விரலைக் கழுத்தில் வைத்து நிற்பாள். நான் வருவதைப் பார்த்தால் சங்கிலியைச் சரிசெய்வது போல விரலை இறக்குவாள். “ஏட்டி, துடிப்பு ஓடுதாம்லா. எவ்வளவு வேகமா ஓடுனா கூடுதல்?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றேன். அது அவளுக்குப் போதவில்லை.

சிஜின் சொன்னதை மீறித்தான் வண்டி எடுத்தாள். ஆனால் அது வேறு ஆள் ஓட்டுவது போலிருந்தது. வேகத்தடைக்கு இருபது அடி முன்னாலேயே பிரேக். எதிரே பஸ் வந்தால் ஓரத்தில் ஒதுங்கி நின்றுவிடுவது. புதன்கிழமை சுசீந்திரம் தெப்பக்குளத்துப் பக்கம் போனபோது வண்டியை நிறுத்தி ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

“கை உதறுது மக்கா. வெப்ராளமா, படபடன்னு வருது. அவியளுக்கும் இப்பிடித்தான் முதல்ல கை போச்சு.”

எனக்குப் பயமாகிவிட்டது. கையைப் பிடித்துப் பார்த்தேன். இறுக்கிப் பிடித்தாள், எலும்பு வலித்தது. பலத்துக்கு ஒரு குறையும் இல்லை. சோடா வாங்கிக் கொடுத்தேன். அதைக் குடித்துவிட்டு, பின்னால் நின்ற ஆட்டோக்காரன் ஹாரன் அடித்ததற்கு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “ஒனக்க வண்டிக்கு மட்டுந்தான் ரோடு போட்டிருக்காவளா?” என்று கேட்டாள். உதறல் நின்றுவிட்டது.

கப்பலில் ஒரு குளிர் அறையில் இரண்டு வெப்பமானிகள் இரண்டு விதமாகக் காட்டினால், மூன்றாவது ஒன்றைக் கொண்டுவந்து பார்க்கும்வரை ஒரு திருகாணியைக்கூடக் கழற்றமாட்டார்கள். இங்கே ஒரே ஒரு மானி, ஒரே ஒரு தடவை காட்டியதற்கு ஒரு வண்டியே போகப் போகிறது. அந்த மெஷின் நிரந்தரமாக இருக்கிற இடம் நாகர்கோவிலில் எங்கே என்று விசாரித்து, மறுநாளைக்கு நேரம் வாங்கினேன். காலையில் காப்பி, சாயா எதுவும் கூடாது, வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது, சீக்கிரமே வந்து படுக்க வேண்டும் என்று போனில் சொன்னார்கள்.

காப்பி இல்லாத சித்தியோடு வியாழக்கிழமை காலையில் பயணம் செய்ததை நான் எந்தப் புயலோடும் ஒப்பிடுவேன்.

*

பரிசோதனை அறையில் இருந்தவள் ஷைஜா. இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். சித்தியைக் கட்டிலில் படுக்க வைத்தாள்.

“அம்மா, பத்து நிமிஷம் அசையாம படுக்கணும். பேசப்பிடாது. கண்ணை மூடிக்கோங்க, தூங்கிரப்பிடாது.”

“பத்து நிமிஷமா? பிள்ளே, எனக்க கல்யாணத்தன்னைக்குக்கூட நான் பத்து நிமிஷம் சும்மா இருக்கல.”

“இப்பவே பேசுறீங்க.”

சித்தி வாயை மூடினாள். சிறிது நேரத்தில் தலையைத் தூக்கி, வண்டியை நோ பார்க்கிங்கில் விட்டோமா என்று என்னிடம் கேட்டாள். ஷைஜா கடிகாரத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அடுத்து ஃபேன் சத்தம் போடுவதாக எழுந்தாள். மறுபடி முதலிலிருந்து. வெளியே காத்திருப்பவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டதால், முழு நேரமும் ஆகாமலேயே ஒரு தடவை எடுத்தார்கள். எழுபது.

ஷைஜாவுக்குத் திருப்தியில்லை. திரையில் ஓடிய கோட்டைக் காட்டினாள். சில துடிப்பு ஏறியும் சில துடிப்பு இறங்கியும், பிள்ளைகள் கிறுக்கினது போல இருந்தது. “இதை வச்சு நான் எதுவும் சொல்ல மாட்டேன்” என்றாள். பிறகு, “முகாம்ல எப்பிடி எடுத்தாங்க? தொடையில பட்டை எங்க கெட்டினாங்க?” என்று கேட்டாள்.

“சேலைக்கு மேல.”

“டேப்பு?”

“அதுவும் சேலைக்கு மேல. நான்தான் சொன்னேன், அவன் மேல தப்பில்ல.”

ஷைஜா சிரிக்கவில்லை. டேப்பை எடுத்தாள். சித்தியின் இடுப்பில் கொசுவம் கனமாகச் செருகியிருந்தது. அதற்கு உள்ளே வண்டிச் சாவிக் கொத்தும் சுருக்குப் பையும். அவள் எங்கே போனாலும் அந்த இரண்டும் அங்கேதான். கழுத்திலிருந்து டேப்பை விட்டாள் ஷைஜா. அது வயிற்றின் மேல் ஏறி, சாவியின் மேல் ஏறி, கொசுவத்தின் மேல் ஏறி இறங்கித் தொடைக்குப் போனது. அந்த அளவைச் சொன்னாள். பிறகு என்னை வெளியே நிறுத்திவிட்டு, திரைக்குப் பின்னால் சித்திக்கு ஒரு பச்சை அங்கியை மாட்டி, டேப்பை வளைக்காமல் நேராகப் பிடித்து மறுபடி அளந்தாள். நாலு விரல்கடை குறைந்திருந்தது.

“துடிப்பு உங்க சாவிக்கொத்து மேல ஏறி இறங்கிப் போகாது அம்மா. அது உள்ள நேராப் போகுது. நாம தூரத்தைக் கூட்டிச் சொன்னா, மெஷின் வேகத்தைக் கூட்டிச் சொல்லும்.”

“நாலு வெரலுக்கா எனக்கு இருவது வயசைக் கூட்டிச்சு?”

“அதனால மட்டும் இல்ல. காப்பி குடிச்சிருப்பீங்க, நாற்காலி தூக்கியிருப்பீங்க, பேசியிருப்பீங்க. எல்லாம் சேரும்.”

திரைக்கு அப்புறத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. “அப்ப அன்னைக்கு சங்கத்துல எல்லாவளுக்கும் தப்பாத்தான் வந்திருக்கும். வியாகுலம்மாளுக்கு எம்பத்தெட்டுன்னு வந்து, அவ மூணு நாளா மகளுக்கு நகையைப் பிரிச்சுக் குடுக்கா.”

ஷைஜா அதற்குச் சிரித்துவிட்டாள்.

மறுபடி படுத்தாள். இந்த முறை சித்தி என்ன செய்தாளோ, பத்து நிமிடமும் அசையவில்லை. அறுபத்து மூன்று. கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு முறை. அறுபத்தாறு.

“எதை எடுக்கது?” என்று கேட்டேன். “டாக்டருட்ட கேளுங்க” என்றாள் ஷைஜா. ஆனால் கதவு வரைக்கும் வந்து, “நல்லா எடுத்தாலும் இப்பிடி ரெண்டு மூணு முன்னப்பின்ன இருக்கும் அக்கா. அது மெஷினோட குணம்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

டாக்டர் ஜெனிலா மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் அவசரப்பட்டு, “அப்போ இந்த மெஷின் சொல்லுறது பொய்தானே டாக்டர்?” என்றேன்.

“பொய்யில்ல. ஆயிரம் பேரை ஒழுங்கா அளந்து பார்த்தா, குழாய் இறுகினவங்களுக்குப் பின்னாடி தொந்தரவு கூடுதலா வருதுன்னு தெரியும். அதுக்கு இது உபயோகம். ஒரு ஆளை ஒரு தடவை அளந்து, உங்களுக்கு இத்தனை வயசுன்னு அடிச்சுச் சொல்லுறதுதான் சரியில்ல. அந்த அட்டவணையும் யாரையோ எங்கயோ அளந்து போட்டது. நம்ம ஊர்க்காரங்களை அளந்து போட்டதில்ல.”

“அப்ப நான் வண்டி ஓட்டலாமா கூடாதா?” சித்தி இருக்கையின் நுனிக்கு வந்திருந்தாள்.

“இந்த வயசு நம்பரை வச்சு ஓட்டாதீங்கன்னு என்னால சொல்ல முடியாது. ஓட்டுங்கன்னும் இதை வச்சு சொல்ல முடியாது.” டாக்டர் அவள் கையில் சாதாரண பிரஷர் பட்டையைச் சுற்றினார். “மயக்கம், நெஞ்சுவலி, கண் இருட்டுறது, கை கால் தளர்றது?”

“ஒண்ணும் கிடையாது. நேத்து கை உதறுச்சு. அது பயத்துல.”

பட்டை ஊதி இறங்கியது. நூற்று ஐம்பத்திரண்டுக்குத் தொண்ணூற்று நான்கு. மறு கையிலும் ஏறத்தாழ அதுதான்.

“முகாம்ல பிரஷர் எவ்வளவுன்னு சொன்னாங்க அம்மா?”

“அது… நூத்தம்பதுக்கு மேல என்னவோ சொன்னா அந்தப் பிள்ளை. ரெண்டு நாள் கழிச்சு எங்கயாவது பாருங்கன்னா. அதை யாரு கேட்டா, எல்லாரும் அந்த மெஷினுக்குல்லா ஓடுனோம்…”

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். கால் கட்டைவிரலும் நின்றிருந்தது. டாக்டர் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. தினமும் ஒரு மாத்திரை. வீட்டுக்கு ஒரு பிரஷர் மெஷின் வாங்கி, ஒரு வாரம் காலையும் மாலையும் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு முன் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல், ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். “இதுதான் நான் நம்புற நம்பர். இது இறங்கி நிலையா நின்னா, தாராளமா வண்டி ஓட்டுங்க” என்றார்.

வெளியே வந்து வண்டியில் ஏறிய பிறகும் சித்தி பேசவில்லை. பேசாத சித்தியை எனக்குப் பழக்கமில்லை.

*

அன்று மாலை சிஜினிடம் நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். டேப், சேலை, சாவிக்கொத்து, மூன்று நம்பர். கடைசிவரை கேட்டான்.

“மூணு தடவை எடுத்து மூணு நம்பர். அதுல நமக்குப் பிடிச்சதை எடுத்துக்கிடலாம்ங்கியா?”

“அப்படி இல்ல அண்ணா. ஒண்ணையும் அப்படியே எடுக்கப்பிடாதுன்னு—”

“பெமிலா, அப்பாவுக்கு நார்மல்னு ஒரு பேப்பர் வந்துச்சு. நம்பினேன். கைதட்டிப் படம் வேற போட்டேன். ஆறு மாசத்துல பெட்டியில கிடந்தாரு. நல்லாருக்குன்னு வந்த பேப்பரை நம்பிட்டு நான் பட்டது போதும். இப்ப நல்லா இல்லைன்னு வந்த பேப்பரை நம்பாதேன்னு நீ சொல்லுதே.”

 பக்கத்தில் நின்ற சித்தி போனுக்காகக் கையை நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையை இழுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய் வண்டியைக் கழுவத் தொடங்கினாள். இருட்டும்வரை கழுவினாள்.

வீட்டு பிரஷர் மெஷின் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து எடுத்தாள். அடுப்பில் பால் பொங்கியது, பாதியில் எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். நூற்று அறுபது. மாலையில் முன்னறையில், வாசலுக்கு வந்த மீன்காரியோடு சாளை விலை பேசிக்கொண்டே ஒன்று. நூற்று ஐம்பத்தெட்டு. ஒவ்வொன்றையும் படமெடுத்துச் சிஜினுக்கு அனுப்பச் சொல்லியிருந்தான். அனுப்பினோம். ஒவ்வொன்றுக்கும் அவன் ஒரே பதிலைத்தான் போட்டான்: சனிக்கிழமை பத்து மணி.

சனிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் கடைசியாக ஒரு நடை போய்விட்டு வந்துவிடுவதாகச் சொல்லிச் சித்தி பக்கத்துத் தோட்டத்தில் குலை ஏற்றினாள். ஏற்றிக் கட்டி, வீட்டு வாசலுக்கு வண்டியைக் கொண்டுவந்தபோது மத்தியாஸ் நின்றிருந்தார். ஒன்பதுகூட ஆகவில்லை. கூடவே மார்த்தாண்டத்துக்காரர். வண்டி நின்றதுமே டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார்.

“அக்கா, பார்ட்டிக்கு அவசரம். அதான் வெள்ளனவே வந்துட்டோம்.”

“ஏலே மத்தியாஸ், காலு வச்சு உதைக்காண்டாம்னு அவருட்ட சொல்லு. இன்னும் எனக்க வண்டிதான்.”

அதே நேரம் சிஜினிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. வந்துவிட்டதை மத்தியாஸ் சொல்லியிருப்பார்; விற்பனையை நேரில் பார்ப்பதற்காகத்தான் இருக்கும். “காலம்பற பிரஷர் எடுத்தாச்சா?” என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி.

எடுக்கவில்லை. சித்தி சுற்றிலும் பார்த்தாள். வீட்டுக்குள் போகவில்லை. ஏறியிருந்த இருக்கையிலேயே பின்னால் சாய்ந்தாள். “மெஷினை இங்க கொண்டுவாட்டி” என்றாள்.

பட்டையைக் கட்டிவிட்டு, போனை ஸ்டீயரிங்குக்கு மேலே, கண்ணாடியை ஒட்டிச் சாய்த்து வைத்தேன். “அண்ணா, அஞ்சு நிமிஷம் பேசப்பிடாது. நீங்களும்தான்.”

பேசவில்லை. அவன் பின்னால் ஏதோ ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. சித்தியின் வலது கை ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தில் தொட்டும் தொடாமலும் கிடந்தது. கண் முன்னால் சாலையில் இருந்தது. கட்டைவிரல் ஆக்சிலேட்டருக்குப் பக்கத்தில் ஓய்ந்திருந்தது. வந்த நாளிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த அந்த உட்கார்ந்த சித்தி இங்கேதான் இருந்திருக்கிறாள். மத்தியாஸ் ஏதோ கேட்க வந்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சிஜின் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்படி அசையாமல் அவளை அவனும் பார்த்திருக்கமாட்டான் என்று நினைக்கிறேன்.

பொத்தானை அழுத்தினேன். நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்தாறு.

“இன்னொரு தடவை எடுங்க” என்றான் சிஜின். கிரேன்களைச் சோதிக்கிறவன் அல்லவா.

கொஞ்சம் விட்டு எடுத்தோம். நூற்று முப்பத்து மூன்று. மாத்திரையா, இருக்கையா, எது குறைத்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு வாரம் பார்த்தால் டாக்டர் சொல்லக்கூடும்.

 சித்திதான் பேசினாள், சாலையைப் பார்த்தபடியே.

“சிஜினே, ஒண்ணு சொல்லணும் உங்கிட்ட. அப்பாவுக்கு நார்மல்னு வந்ததுல்லா, அன்னைக்கும் ஒரு பிள்ளை இதே மாதிரி கையில கெட்டிப் பாத்துட்டு, பிரஷர் கூடுதல், போய்க் காட்டுங்கன்னா. நாங்க கேக்கல. இசிஜி நார்மல்னு சந்தோஷத்துல மட்டன் வாங்கிட்டு வந்தோம். இந்த தடவையும் எனக்கு அப்பிடித்தான் சொன்னாவ. நான் திரும்ப கேக்கல. பெரிய மெஷினுக்கு ஓடுனேன். நீயும் அதைத்தான் பாத்துட்டு நிக்கே. வண்டியை வித்துட்டா எனக்க பிரஷரு போயிருமா? மாத்திரையை நான் விடமாட்டேன். காலையும் சாயங்காலமும் இங்க இருந்து எடுத்து ஒனக்கு அனுப்புவேன். அது ஏறுனா அன்னைக்கு நீ சொல்லாண்டாம், நானே சாவியைக் குடுப்பேன்.”

 போனில் சிஜின் மூக்கை உறிஞ்சினான்.

“அன்னைக்கு பிரஷர் பாத்தது எனக்குத் தெரியாது அம்மா.”

“எங்களுக்குத் தெரியும். அதான் சொல்லுதேன்.”

“போனை மத்தியாஸ் அண்ணன்ட்ட குடுங்க.”

மத்தியாஸ் போனை வாங்கிக்கொண்டு வேலியோரம் போனார். முதலில் “இல்ல தம்பி, பார்ட்டி வந்து நிக்காரு” என்றார். பிறகு, “சரி… சரி… அதுக்கென்ன, அம்மைட்ட கேட்டுச் செய்யது நல்லதுதான்” என்றார். திரும்பி வந்து, மார்த்தாண்டத்துக்காரரின் தோளில் கை வைத்து, வெள்ளமடத்தில் இதைவிட நல்ல வண்டி ஒன்று நிற்கிறது என்று தொடங்கினார்.

சித்தி அதைக் கேட்கவில்லை. சாவியைத் திருப்பிவிட்டாள். இன்ஜின் உறுமியது, பின்னால் குலைகள் குலுங்கின. இடது கையை என் பக்கம் நீட்டினாள். பட்டை இன்னும் அதில்தான் இருந்தது, ரப்பர் குழாய் தொங்க.

“ஏட்டி, பாத்துட்டு நிக்காம இதை அவுத்து விடு. குலை வெயிலு கொள்ளுது.”